மாமியாரைப் பார்த்துக்கொண்டதில் எட்டரை வருடம் போய்விட்டது: மறுபடி கணக்கு வேலைக்குப் போவது எப்படி?

ஈரோட்டுக்காரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எனக்கு வயது 44. பி.காம். படித்தவள். 2008 தீபாவளிக்கு முன் ஈரோட்டில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்ப்பது, மாதா மாதம் வாட் (ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த மாநில விற்பனை வரி) ரிட்டர்ன், வெளிமாநிலப் பார்ட்டிகளைத் துரத்தித் துரத்தி, குறைந்த வரிக்கு அவர்கள் தர வேண்டிய சி ஃபார்ம் வாங்குவது, சம்பளப் பட்டியல், மார்ச் முடிந்ததும் ஆடிட்டருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பது, எல்லாம் நான் பார்த்தேன். கடைசி இரண்டு வருடம் எனக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள்.

2016 ஆடியில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. கம்பெனியில் சம்பளமில்லாத விடுப்பு மூன்று மாதம் கேட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் முடியாது என்றார்கள். நாத்தனார் திருப்பூரில், கொழுந்தனார் வெளிநாட்டில். கணவர் மஞ்சள் மண்டியில் வேலை, காலையில் போனால் இரவுதான் வருவார். அதனால் நான் வேலையை விட்டேன். அத்தை தேறிவிடுவார், திரும்பப் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

தேறவில்லை. கடைசி மூன்று வருடம் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. தலைப்பக்கத்தை உயர்த்தி, சிரிஞ்சால் இழுத்துப் பார்த்து, முந்தைய வேளைக் கஞ்சி உள்ளே தங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, அப்புறம்தான் அடுத்த வேளை ஊற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. அந்த விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு. 2025 தை மாதம் அத்தை காலமானார்கள்.

இப்போது வீட்டில் மாமனார் இருக்கிறார். 79 வயது, நடமாட்டம் நன்றாக இருக்கிறது. சர்க்கரை உண்டு, மூன்று வேளையும் இன்சுலின். கண் மங்கல் என்பதால் அவரே அளவு பார்த்துப் போட்டுக்கொள்ள முடியாது. மகன் பிளஸ் டூ படிக்கிறான். அடுத்து கல்லூரிச் செலவு. பணத்துக்காக மட்டும் கேட்கவில்லை. எனக்கு அந்த வேலை பிடிக்கும். மாதக் கடைசியில் பேங்க் கணக்கு பைசா பிசகாமல் நேராகும்போது மனதில் வரும் நிறைவு எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

சமீபத்தில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். பயோடேட்டாவைப் பார்த்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். “2016க்கு அப்புறம் ஒண்ணுமே செய்யலையா மேடம்?” என்று கேட்டான். சொன்னேன். “ஓ, ஹவுஸ் ஒய்ஃப்” என்று எழுதிக்கொண்டான். ஜிஎஸ்டி தெரியாதே, வேண்டுமானால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் தரும் சம்பளம் தருகிறோம், காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை இருக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

கேட்க நினைப்பது இதுதான். அந்த எட்டரை வருடத்தைத் தாளில் எப்படி எழுதுவது? நான் வேலையை விட்டு ஒரு வருடத்தில் ஜிஎஸ்டி வந்துவிட்டது. இந்த வயதில் அதை முதலிலிருந்து கற்க முடியுமா? ஒரு இன்ஸ்டிட்யூட்டில் 25,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? மதிய ஊசியை என்ன செய்வது? இதே வழியில் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


சேலத்து வாசகி எழுதியது:

சகோதரி, உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது. குழாய் வழியாக உணவு கொடுக்க, படுக்கைப்புண் வராமல் பார்க்கத் தெரிந்த ஆட்களுக்கு இன்று அவ்வளவு தேவை. நர்சிங் உதவியாளர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று வாங்கிவிட்டால் ஏஜென்சிகள் உடனே எடுத்துக்கொள்வார்கள். கணக்கு வேலைக்கு இருபது வயதுப் பிள்ளைகளோடு போட்டி போடுவதைவிட இது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது.


ஈரோட்டுக்காரி எழுதியது:

நல்ல மனதோடு சொல்கிறீர்கள், நன்றி. ஆனால் அத்தைக்குச் செய்தது அத்தைக்காகச் செய்தது. இன்னொரு வீட்டில் தினமும் அதையே செய்ய எனக்கு உடம்பிலும் தெம்பு இல்லை, மனதிலும் இல்லை. கணக்குதான் வேண்டும்.


பேரேடு எழுதியது:

ஈரோட்டுக்காரி, உங்கள் கடைசிப் பதிலைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டவர்கள் எல்லோரையும் மறுபடி பார்த்துக்கொள்ளும் வேலைக்கே அனுப்பப் பார்க்கிறார்கள். விருப்பம் இருந்தால் போகலாம். இல்லை என்றால் நீங்கள் சொன்ன மாதிரி நேராகச் சொல்லிவிட வேண்டும்.

நான் கோயம்புத்தூர். அப்பாவுக்கு மறதி நோய். 2014இல் வேலையை விட்டு, அவர் போன பிறகு 2021இல்தான் திரும்ப வந்தேன். உங்களைப் போலவே வாட் காலத்து ஆள். ஜிஎஸ்டி பில்லையே கையில் தொட்டதில்லை. இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீசில் அரை நாள், மீதி நேரத்தில் மூன்று கடைகளுக்குப் பார்ட் டைம் கணக்கு. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 25,000த்தைக் கொடுக்காதீர்கள். பற்று வரவு தெரியாத பிள்ளைகளுக்காக வைத்த பாடம் அது. முதல் ஒன்றரை மாதம் உங்களுக்குத் தெரிந்ததையே சொல்லித் தருவார்கள். உங்களுக்கு மாறியிருப்பது வரி மட்டும்தான். டேலியைத் திறந்தால் முகம் வேறு மாதிரி இருக்கும், 2020 கடைசியில் வந்த டேலி பிரைம் அது. பயப்படாதீர்கள். எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எல்லாம் அப்படியே இருக்கின்றன. டெபிட் நோட், கிரெடிட் நோட்டுக்கு மட்டும் பொத்தான் மாறிவிட்டது, ஆல்ட் எஃப்5, ஆல்ட் எஃப்6. முதல் நாள் என் விரல்கள் தானாகவே எஃப்8க்குப் போனபோது வந்த தைரியத்தை என்னால் சொல்ல முடியாது.

வீட்டில் பழக லைசென்ஸ் வாங்க வேண்டாம். எஜுகேஷன் மோடில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட விடும், பழகுவதற்கு அது போதும். பாடப்புத்தகத்துக் கணக்குகளைப் போடாதீர்கள். சொந்தக்காரர் அல்லது தெரிந்தவர் ஒருவரின் கடையிலிருந்து ஒரு மாதத்து பில் கட்டை வாங்கி வந்து, அந்த பில்களை உள்ளே ஏற்றுங்கள். அசல் பில்லில்தான் தொல்லைகள் இருக்கும். ஒருவர் சரக்கு வகையைக் காட்டும் ஹெச்எஸ்என் கோடு போட்டிருக்க மாட்டார். இன்னொருவர் கர்நாடகா பார்ட்டிக்கு வெளிமாநில விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டி போடாமல், மாநிலத்துக்குள் விற்பதற்குரிய சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டிருப்பார். இவற்றைப் பிடிக்கத் தெரிந்தால் பாதி ஜிஎஸ்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாட் காலத்துப் பதிவு எண்ணான டின் நம்பர் 33இல் ஆரம்பிக்கும், நினைவிருக்கிறதா? ஜிஎஸ்டி நம்பரும் நம் மாநிலத்துக்கு 33தான். அதற்கடுத்த பத்து எழுத்தும் பார்ட்டியின் பான் நம்பர். பில்லில் உள்ள நம்பரைப் பார்த்ததும் எந்த மாநிலம், யாருடைய பான் என்று சொல்லிவிடலாம். சி ஃபார்முக்காகப் பார்ட்டிகளைத் துரத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, இன்றைக்கு அதே வேலை வேறு பெயரில் இருக்கிறது. நமக்கு சரக்கு விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னைப் போடாவிட்டால் அந்த பில் நம் 2பியில், அதாவது நம் கொள்முதலுக்கு ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியலில், ஏறாது. ஏறாவிட்டால் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது நாம் கொடுத்த ஜிஎஸ்டியை, கழித்துக்கொள்ள முடியாது. அப்போது போன் போட்டு, “அண்ணா, உங்க ஆகஸ்ட் பில் ரெண்டு வரலைங்க” என்று நல்லபடியாகவும் விடாமலும் கேட்க ஆள் வேண்டும். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பேச்சு வராது. உங்களுக்கு வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்களே மாறிவிட்டன. 12, 28 போய், பெரும்பாலும் 5, 18 என்று நிற்கிறது. ஆயத்த ஆடையில் ஒரு உருப்படிக்கு 1,000 ரூபாய்வரை இருந்த 5 சதவிகிதம் 2,500 வரை வந்துவிட்டது. 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறித்தார்கள். அதில் பிரிவு எண்களே வேறு. பதினைந்து வருடம் இடைவிடாமல் வேலை பார்ப்பவரும் இதையெல்லாம் புதிதாகத்தான் படிக்க வேண்டும். திரும்பி வர இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அடுத்தது நேரம். ஒன்பது முதல் எட்டு வரை என்று கேட்ட இடத்துக்குப் போகாதது நல்லது. நம் வேலைக்கு ஒரு மாதச் சுற்று உண்டு. 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும், 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 14ஆம் தேதி 2பி வரும், 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20 வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி. அதற்கப்புறம் மாதக் கடைசி வரை மூச்சுவிடலாம். நான் இதை வைத்துத்தான் பேசினேன். “5 முதல் 20 வரை முழு நாள் வருகிறேன், மீதி நாளில் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன்” என்றேன். முதலில் யோசித்தார்கள், அப்புறம் சரி என்றார்கள். எந்த நாள்களில் நாம் இல்லாவிட்டால் அவர்களுக்கு இடிக்கும் என்று தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

முழுநேரம் உடனே வேண்டாம் என்றால் கடைகள். ஈரோட்டில் ஜவுளி, மஞ்சள், சாயம், நூல் என்று எத்தனை சின்ன வியாபாரம்! முழுநேரக் கணக்குப்பிள்ளை வைக்க அவர்களுக்குக் கட்டாது. வாரம் இரண்டு அரை நாள் வந்து போகிற ஆள் தேவை. எனக்கு ஒரு கடைக்கு மாதம் 5,000 கிடைக்கிறது. 5 கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் முறையை எடுத்திருப்பார்கள், அதனால் அவசரமும் குறைவு.

பயோடேட்டாவில் ஒரே வரி. “2016–2025: பக்கவாதத்தால் படுக்கையில் இருந்த மாமியாரின் முழுநேரப் பராமரிப்பு.” அவ்வளவுதான். இதை மேலாண்மைத் திறன், குழுத் திறன் என்று ஜோடித்து எழுதச் சொல்வார்கள் சிலர். எழுதாதீர்கள். கீழே அடுத்த வரியாக, இந்த மூன்று நான்கு மாதத்தில் எந்த வகைக் கடையின் பில்களை ஏற்றிப் பழகினீர்கள் என்று எழுதுங்கள். கேட்பவரின் பேச்சு அந்த வரிக்கு வந்துவிடும்.

வீட்டு விஷயத்தை வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். மதிய ஊசி ஒன்றுதான் உங்களை வீட்டில் கட்டிப்போட்டிருக்கிறது. மாமாவை அவருடைய டாக்டரிடம் அழைத்துப்போய், காலை, இரவு இரண்டு வேளையாக மாற்ற முடியுமா என்று நேராகக் கேளுங்கள். பலருக்கு முடியும், சிலருக்கு முடியாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக மாற்றிவிடாதீர்கள். முடியாது என்றால், அளவைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் வரும் பேனா வகை இன்சுலின் இருக்கிறது. ஆனால் கண் மங்கியவர் அந்தச் சத்தத்தை மட்டும் எண்ணிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அளவைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரையும் தருவார்கள். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது மிச்சம்.

நாத்தனாரிடமும் கொழுந்தனாரிடமும் பேச வேண்டியது உங்கள் கணவர். நீங்கள் பேசினால் “அண்ணி கைகழுவுகிறாள்” என்று ஆகிவிடும். அவர் பேசினால் அது ஒரு மகன் தன் அப்பாவுக்காகச் செய்யும் ஏற்பாடு.


ஈரோட்டுக்காரி எழுதியது:

அக்கா, இதை இரண்டு தடவை படித்தேன். கணவரையும் படிக்கச் சொன்னேன். மண்டிக்குத் தெரிந்த ஒரு பெட்ஷீட் வியாபாரி சென்னிமலையில் இருக்கிறார், அவரிடம் பழைய பில் கட்டைக் கேட்கிறேன் என்று அவரே சொன்னார்.

மாமா மட்டும் கொஞ்சம் முகம் வாடிவிட்டார். “நான் உனக்குப் பாரமா இருக்கேனாம்மா” என்று கேட்டார். இல்லை மாமா, எனக்கு வேலைக்குப் போக ஆசை என்றேன். அப்புறம் அவரே, காலையில் தனக்கு வேண்டிய டிபனைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றார். பார்க்கலாம்.

ஒரு சந்தேகம். கடைகளுக்குப் பார்ட் டைம் போனால் பி.எஃப். கிடைக்காதே? பழைய கம்பெனியின் பி.எஃப். பணத்தை நான் இதுவரை எடுக்கவில்லை. அதை என்ன செய்வது?


சென்னை வடபழனி எழுதியது:

இடையில் ஒரு வார்த்தை. நீங்கள் மென்பொருள் துறையில் இருந்திருந்தால் வழி கொஞ்சம் தெளிவாக இருந்திருக்கும். இடைவெளி விட்ட பெண்களுக்காக டாடா குழுமம் 2008லேயே ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஜோஹோவில் ‘மறுபடி’ என்றே பெயர் வைத்து, பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள். என் தங்கை அப்படி ஒரு பெரிய கம்பெனித் திட்டத்தில்தான் உள்ளே போனாள். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் பெருநகரத்துக்கும் பட்டதாரிப் பொறியாளர்களுக்கும் உரியவை. ஈரோட்டில் கணக்கு எழுதிய ஒருவருக்கு, கரூரில் மெர்ச்சண்டைசராக இருந்த ஒருவருக்கு இந்த மாதிரி வாசல் கிடையாது. தனியார் வேலையில் இருப்பவர் வயதான பெற்றோரைக் கவனிக்க என்று சட்டப்படி ஒரு விடுப்பும் நம் நாட்டில் இல்லை. உங்கள் கம்பெனி அந்த மூன்று மாதத்தைக் கொடுத்திருந்தால் நீங்கள் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். என் மனதில் அதுதான் உறுத்துகிறது.


தணிக்கை அலுவலகம் கரூர் எழுதியது:

ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். எங்கள் ஆபீசில் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் இப்படி நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தவர்கள். ஒருவர் பெண். இன்னொருவர் ஆண், மனைவிக்குப் புற்றுநோய் வந்தபோது வேலையை விட்டு ஐந்து வருடம் கூடவே இருந்தவர். அவர் சொன்ன ஒன்று எனக்கு நினைவிலேயே இருக்கிறது. பெண்களை “வீட்டில் இருந்தீர்களா” என்று கேட்கிற இடங்களில், அவரை “ஏன், உங்களை வேலையை விட்டு எடுத்துவிட்டார்களா” என்று கேட்டார்களாம்.

இன்டர்வியூவில் நான் சான்றிதழ் பார்ப்பதில்லை. ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாதத்துக் கொள்முதல் பதிவேட்டையும் அதே மாதத்து 2பியையும் எக்செல்லில் கொடுப்பேன். பெயர்களை மாற்றிவிட்டுத்தான். “இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை, கண்டுபிடியுங்கள்” என்பேன். ஒரு மணி நேரம். அதில் பில் நம்பரைத் தப்பாக அடித்தது ஒன்று இருக்கும், சப்ளையர் ரிட்டர்ன் போடாதது ஒன்று, ஐஜிஎஸ்டியை சிஜிஎஸ்டியாகப் பதிந்தது ஒன்று. புதிதாகப் படித்து வரும் பிள்ளைகள் வி-லுக்கப் (எக்செல்லில் இரண்டு பட்டியலை ஒப்பிடும் வாய்ப்பாடு) போட்டு, ஒத்துவராதவற்றைச் சிவப்பாகக் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். பழைய ஆட்கள் பில் நம்பரை உற்றுப் பார்த்து, “இது 118, அது 181, தொகை ஒன்றுதான், ஒரே பில்” என்பார்கள். எனக்கு வேண்டியது அந்தக் கண்.

வி-லுக்கப் தெரியாமல் வராதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும்.

இன்னொன்று இப்போது எல்லா உற்பத்தியாளரும் கேட்கிறார்கள். குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால், பணம் கொடுக்கிற வருடத்தில்தான் அந்தச் செலவை வரிக்குக் கழிக்க முடியும். 2023–24 கணக்கு ஆண்டிலிருந்து இது இருக்கிறது. எந்த சப்ளையர் குறு, சிறு தொழிலாகப் பதிவு பெற்றவர், யாருக்கு எத்தனை நாள் ஆகிவிட்டது என்று வாரா வாரம் ஒரு பட்டியல் எடுத்து முதலாளி மேசையில் வைக்கத் தெரிந்தால், அந்த ஆளை யாரும் விட மாட்டார்கள்.

சம்பளம். புதிய பிள்ளைகளின் சம்பளத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வேண்டுமானால் மூன்று மாதம் குறைவாக ஒத்துக்கொண்டு, அதற்கப்புறம் எவ்வளவு என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். எங்களிடம் அப்படித்தான், முதல் மூன்று மாதம் 14,000, 2பி வேலையைத் தனியாகப் பார்க்கத் தொடங்கினால் 20,000.

நீங்கள் முன்பு இரண்டு பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். அதைத் தாளின் மேல்பகுதியில் எழுதுங்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஒருவராவது இன்று கணக்குப் பிரிவுத் தலைவியாக இருப்பார். அவருக்கு ஒரு போன் போடுங்கள்.


பி.எஃப். ஆலோசகர் எழுதியது:

பி.எஃப். கேள்விக்கு மட்டும் பதில். பணத்தை எடுக்காமல் வைத்தது மிக நல்லது. ஓய்வூதியத் திட்டத்தில் மொத்தம் பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. பத்து வருடமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, இடைவெளி இருந்தாலும் கூட்டிக்கொள்வார்கள். 2008 கடைசி முதல் 2016 நடுவரை என்றால் உங்களுக்கு ஏழரை வருடத்துக்கு மேல் இருக்கிறது. இன்னும் இரண்டு, இரண்டரை வருடம் பி.எஃப். உள்ள இடத்தில் வேலை பார்த்தால் போதும்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குச் சட்டம் பொருந்தும். அதனால் முதலில் கடைகளில் பழகிக்கொண்டு, கை ஓடத் தொடங்கியதும் அப்படி ஓர் இடத்துக்கு மாறுவது உங்களுக்கு லாபம். சேரும்போது புது யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) வாங்க விடாதீர்கள், பழைய எண்ணையே கொடுங்கள். அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா? பலர் பதிவதில்லை. இல்லையென்றால் ஆதார் இணைத்த கணக்கில் நுழைந்து நீங்களே பதியலாம். ஆதாரிலும் பி.எஃப்.பிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருந்தால் இப்போதே திருத்த மனு போடுங்கள், வேலையில் சேர்ந்த பிறகு போட்டால் இழுத்துக்கொண்டே போகும்.


ஈரோட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. யுஏஎன்னில் நுழைந்து பார்த்தேன். விலகிய தேதி இல்லை, இனிஷியலும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. திருத்த மனு தயார் செய்கிறேன்.

கரூர் சார் சொன்னபடி என்னிடம் வேலை கற்ற ஒரு பெண்ணுக்கு போன் செய்தேன். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜராக இருக்கிறாள். “அக்கா, பேங்க் ரீகன்சிலியேஷன் நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான் இன்னைக்கும் பண்றேன்” என்றாள். அவர்கள் கம்பெனியில் பங்குனிக்கு மேல் ஆள் எடுப்பார்களாம், அதுவரை என்னைத் தயாராகச் சொன்னாள். வாராவாரம் ஞாயிறு ஒரு மணி நேரம் போனிலேயே 2பி சொல்லித் தருகிறாளாம்.

மாமாவை டாக்டரிடம் அழைத்துப் போனோம். இப்போதைக்கு இரண்டு வேளையாக மாற்றி, பதினைந்து நாள் சர்க்கரை அளவை எழுதி வரச் சொல்லியிருக்கிறார். நாத்தனாரிடம் கணவர் பேசினார். மாதம் இரண்டு சனிக்கிழமை வந்து இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு வருத்தம் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது. ஆனாலும் வருகிறேன் என்றார்.

பேரேடு அக்கா, கடைசியாக ஒன்று. சென்னிமலை வியாபாரியிடம் பில் கட்டை எப்போது போய்க் கேட்பது? எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?


பேரேடு எழுதியது:

11ஆம் தேதிக்கு முன்னால் போகாதீர்கள், அவரே அவசரத்தில் இருப்பார். 20 தாண்டட்டும். முடிந்துபோன ஒரு மாதத்து விற்பனை பில் கட்டு, கொள்முதல் ஃபைல், பேங்க் ஸ்டேட்மென்ட், அந்த மாதம் அவர் ஆடிட்டர் போட்ட ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டின் நகல், 2பி எக்செல். விற்பனை பில்லை மட்டும் கொடுத்தால் விடாதீர்கள், கொள்முதல் ஃபைலில்தான் பாடம் இருக்கிறது. நீங்கள் ஏற்றி எடுத்த தொகையும் ஆடிட்டர் போட்ட 3பியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் எந்த பில்லில் என்று எழுதி இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம். பார்ட்டி பெயரையும் ஜிஎஸ்டி நம்பரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.